ஈரமலையில் வீடியோ கமரா

வீட்டு வீடியோ கமரா என்பது ஒளியை மின்குறியாக மாற்றும் பகுதியையும் அந்தக் குறியைப் பதிந்துவைக்கும் பகுதியையும் ஒரே உடலில் அடக்கிய கருவி. 1980களின் தொடக்கம் வரை இவை தனித்தனியே இருந்தன. கமராவைத் தோளில் தாங்கியவர் பதிவுப்பெட்டியை இடுப்பிலோ பையிலோ சுமக்க வேண்டியிருந்தது. 1983இல் சோனி நிறுவனத்தின் பீட்டாமூவி இரண்டையும் இணைத்தது. 1985இல் உள்ளங்கைக்குள் அடங்கும் 8 மில்லிமீற்றர் கசற் வந்தது, 1995இல் மினிடிவி என்ற டிஜிட்டல் கசற் வந்தது. அதற்குப் பிறகு தட்டு, வன்வட்டு, நினைவட்டை எனப் பதியும் இடம் மாறிக்கொண்டே போயிற்று. இலங்கையின் இரத்தினபுரி, கேகாலை மாவட்டத் தோட்டங்களில் இந்த எல்லாத் தலைமுறைக் கமராக்களையும் இன்றும் காணலாம். சில நகரத்து ஸ்டூடியோக்களில் வாங்கப்பட்டவை, சில மத்திய கிழக்குக்கு வேலைக்குப் போனவர்கள் கொண்டுவந்தவை. கலியாணம், சடங்கு, கோயில் திருவிழா தவிர்ந்த நாட்களில் அவை அலுமாரியில் கிடக்கின்றன. பெரும்பாலான கமராக்கள் கெட்டுப்போவதும் அந்த அலுமாரியில்தான்.

எந்தக் கமராவின் கையேட்டைப் புரட்டினாலும் ‘ஈரமான இடத்தில் வைக்க வேண்டாம்’ என்று ஒற்றை வரி இருக்கும். இவ்விரு மாவட்டங்களும் அடங்கிய சப்ரகமுவவில் அந்த ஒற்றை வரியே கையேட்டின் பாதி. இரத்தினபுரியில் ஆண்டொன்றுக்கு 3,500 மில்லிமீற்றருக்கு மேல் மழை பெய்கிறது. தென்மேற்குப் பருவக்காற்று மே முதல் செப்ரெம்பர் வரை மழையைக் கொண்டுவருகிறது. அதற்கு முன்னும் பின்னும், ஏப்ரலிலும் ஒக்டோபர், நவம்பரிலும் மாலைநேர இடிமழை. ஓரளவு உலர்ந்தவை என்று சொல்லத்தக்கவை ஜனவரியும் பெப்ரவரியும் மட்டுமே. மழையில்லாத இரவிலும் காற்றின் சார் ஈரப்பதம் 90 சதவீதத்தை ஒட்டியே நிற்கும்.

கமரா வில்லையில் பூஞ்சணம் வளர்வதற்கு அவ்வளவு ஈரம்கூடத் தேவையில்லை. ஈரப்பதம் 60, 70 சதவீதத்தைத் தாண்டி நாட்கணக்கில் நீடித்தால், எங்கும் மிதக்கும் பூஞ்சண வித்துகளில் சில கண்ணாடிமேல் முளைக்கின்றன. கண்ணாடி அவற்றுக்கு உணவாகாது. அதன்மேல் படிந்த தூசும் விரல் எண்ணெயும் போதும். சிலந்திவலை இழைபோல் படரும் பூஞ்சணம் அமிலத்தைக் கசிகிறது. அந்த அமிலம் வில்லையின் மேற்பூச்சை அரித்து, காலப்போக்கில் கண்ணாடியிலும் தடம் பதிக்கிறது. தடம் விழுந்தபின் பூஞ்சணத்தைத் துடைத்தாலும் அது மறையாது. எதிர்வெளிச்சத்தில் எடுக்கும் படம் முழுவதும் வெண்திரை விழுந்ததுபோல் மங்கும். வீட்டு வீடியோ கமராவின் வில்லைத்தொகுதி பல கண்ணாடிகளை அடுக்கி மூடப்பட்டது. அதைக் கழற்றித் துப்புரவாக்கும் கூலி பெரும்பாலும் கமராவின் விலையையே எட்டிவிடும்.

ஆகவே வராமல் தடுப்பதே வழி. கமராவோடு வந்த தோல் பையிலோ துணிப் பையிலோ அதை மாதக்கணக்கில் வைப்பது மிக மோசமான பழக்கம். தோலும் துணியும் ஈரத்தை உறிஞ்சிப் பிடித்துவைக்கின்றன, தோல் பூஞ்சணத்துக்கு நல்ல தீனியும்கூட. பையை வெளியே போகும்போது மட்டும் பயன்படுத்தி, வீட்டில் இறுக மூடும் பிளாஸ்ரிக் பெட்டி ஒன்றில் சிலிக்கா ஜெல்லோடு கமராவை வைப்பது நல்லது. விளிம்பில் றப்பர் வளையமுள்ள உணவுப் பெட்டியே போதும். 27 பாகை வெப்பமும் 85 சதவீத ஈரப்பதமும் உள்ள காற்றில் ஒரு கனமீற்றருக்கு ஏறக்குறைய 22 கிராம் நீராவி இருக்கும். அப்படியானால் ஐந்து லீற்றர் பெட்டிக்குள் அடைபட்ட நீராவி 0.11 கிராம்தான். நல்ல சிலிக்கா ஜெல் தன் எடையில் ஐந்தில் ஒரு பங்குக்கு மேல் நீரை உறிஞ்சும். 20 கிராம் பொதி ஒன்று நான்கு கிராமை ஏற்கும் என்றால், அது அந்தக் காற்றை முப்பது தடவைக்கு மேல் உலர்த்த முடியும். பெட்டியைத் திறக்கும் ஒவ்வொரு முறையும் புதிய ஈரம் புகுவதாலும் கமராவின் பட்டியும் கசற் உறையும் தம்முள் ஈரத்தை ஒளித்து வைத்திருப்பதாலும் கணக்கு இவ்வளவு தாராளமாக நடக்காது. ஆனாலும் மாதத்துக்கொரு முறை ஜெல்லை உலர்த்தினால் போதுமானது. 110 முதல் 120 பாகை வரையான வெப்பத்தில் இரண்டு மணிநேரம் வைத்தால் அது பழைய நிலைக்கு வரும். நிறம் மாறும் வகையில் நீலநிறத்தது கோபால்ற் சேர்மம் கலந்தது, நஞ்சு. அதைச் சமையல் சட்டியில் வறுக்கக் கூடாது. செம்மஞ்சள் வகையை வாங்குவது நல்லது.

அரிசிக்குள் புதைத்துவைக்கும் வழக்கம் பயனற்றது. அரிசி மெதுவாகவும் குறைவாகவும் உறிஞ்சுகிறது, அதன் மாத்தூள் கமராவின் இடுக்குகளில் புகுகிறது. தோட்டத்தில் இன்னொரு பொருளும் நினைவுக்கு வரலாம். தொழிற்சாலையான ஸ்டோரில் உலர்த்தி முடித்த தேயிலைத் தூளில் மூன்று சதவீதம் அளவே ஈரம் இருப்பதால் அது காற்றிலிருந்து ஈரத்தை ஆவலோடு இழுக்கும். அதனால்தான் அதை ஈரம் புகாத பொதியில் அடைக்கிறார்கள். ஆயினும் தூள் தூள்தான், கமராவுக்கு அருகில் அதற்கு இடமில்லை. சில ஸ்டூடியோக்காரர்கள் அலுமாரிக்குள் சிறிய பல்பு ஒன்றை எரியவிடுவதுண்டு. பல்பு நீராவியை அகற்றுவதில்லை, காற்றைச் சூடாக்குகிறது. 27 பாகையில் 85 சதவீதமாக இருந்த ஈரப்பதம், அதே காற்று 32 பாகைக்கு வந்ததும் 65 சதவீதமாகக் குறையும். பயன் உண்டு. ஆனால் பற்றரியும் கசற்றும் உள்ள அலுமாரியில் இரவுபகலாகச் சூட்டை வைப்பது தீ ஆபத்துக்கு இடம் கொடுப்பதாகும், வீட்டுக்கு ஏற்ற முறையன்று. எல்லாவற்றையும்விட எளிய தடுப்பு, கமராவை இரண்டு கிழமைக்கொரு முறையாவது வெளியே எடுத்து அரைமணி நேரம் இயக்குவது. அடிக்கடி வேலை செய்யும் கமராவில் பூஞ்சணம் பிடிப்பது அரிது.

ஈரத்தின் இரண்டாவது வடிவம் பனித்தல். 30 பாகையில் ஒரு கனமீற்றர் காற்று அதிகபட்சம் 30 கிராம் நீராவியை ஏந்தும், 20 பாகையிலோ 17 கிராமை மட்டும். குளிரூட்டிய வான் வண்டியில் இரத்தினபுரி நகரத்திலிருந்து வந்த கமரா, தோட்டத்துக் கலியாண வீட்டு வாசலில் வெளியே எடுக்கப்படும்போது அதன் உடல் 20 பாகையில் இருக்கும். சுற்றியுள்ள காற்றோ கனமீற்றருக்கு 24 கிராம் நீரைச் சுமந்திருக்கும். குளிர்ந்த உடலைத் தொட்டதும் கனமீற்றருக்கு ஏழு கிராம் அளவு நீரைக் காற்று அங்கேயே இறக்கிவிடுகிறது. வில்லை பனித்துப்போவது கண்ணுக்குத் தெரியும் தொல்லை, உள்ளே பனிப்பதே ஆபத்து. கசற் கமராவில் பதிவுத் தலை பொருத்திய உருளை 8 மில்லிமீற்றர் வகையில் நிமிடத்துக்கு 1,500 சுற்றும் மினிடிவி வகையில் 9,000 சுற்றும் சுழல்கிறது. நீர்ப்படலம் இருந்தால் நாடா உருளையில் ஒட்டிக்கொண்டு சுருண்டு கிழிந்துவிடும். இதற்காகவே இக்கமராக்களில் ஈர உணரி வைத்திருக்கிறார்கள். திரையில் நீர்த்துளிக் குறி மின்னினால் கமரா இயங்க மறுக்கும். அது பழுது என்று எண்ணி மீண்டும் மீண்டும் அழுத்தாமல், கசற்றை வெளியே எடுத்து மூடியைத் திறந்துவைத்து ஒருமணி நேரம் காத்திருக்க வேண்டும். குளிரிலிருந்து வெம்மைக்கு வருமுன் கமராவைப் பொலித்தீன் பையில் இட்டு வாயைக் கட்டிவிட்டால், நீர் பையின் வெளிப்புறத்தில் படியும். கமரா வெளிவெப்பத்தை அடைந்த பிறகு பையைத் திறக்கலாம். 2,243 மீற்றர் உயரமுள்ள சிவனொளிபாத மலையில் விடியலைப் படம்பிடித்துவிட்டு பலாபத்தலை வழியாக இறங்குவோருக்கும் இந்தப் பொலித்தீன் பை உதவும்.

நேரடி மழைக்கு அதே பைதான் சட்டை. வில்லைக்கு ஒரு துளை வெட்டி, றப்பர் வளையத்தால் கட்டிவிட்டால் தூறலில் வேலை நடக்கும். மூக்குக்கண்ணாடி துடைக்கும் மென்துணி சட்டைப்பையில் இருக்க வேண்டும். சேலைத் தலைப்பும் சாரத்து நுனியும் வில்லைக்கு ஆகாது.

மின்சாரத்தைப் பற்றிய எச்சரிக்கையும் இந்த மலைகளுக்குத் தனியே உரியது. மலைச்சரிவுகளினூடே நீண்டு செல்லும் மின்கம்பிகளுக்கு அருகில் மின்னல் விழுந்தாலே போதும், கம்பியில் மின்னழுத்தம் ஒரு கணம் துள்ளி வீட்டு மின்துளை வரை வந்து சேரும். மாலையில் இடி தொடங்கிய பின் சார்ஜரைக் கழற்றுவதைவிட, ஏப்ரலிலும் ஒக்டோபர், நவம்பரிலும் காலையிலேயே சார்ஜ் செய்து முடிப்பது மேல். கமராவைத் தொலைக்காட்சியோடு இணைத்த கம்பியையும் அப்படியே விடக் கூடாது; அன்ரனா வழியாக வரும் துள்ளல் கமராவையும் எரித்துவிடும். சார்ஜரின் முதுகில் ‘100–240’ என்று அச்சிட்டிருந்தால் இலங்கையின் 230 வோல்ற்றுக்கு அது பொருந்தும். 110 அல்லது 120 என்று மட்டும் இருந்தால் மின்மாற்றி இல்லாமல் செருகவே கூடாது.

லித்தியம் அயன் பற்றரி 1991இல் சோனியின் கைக்கமராவோடுதான் வீட்டுப் பாவனைக்கு வந்தது. எடை குறைவு, ஆற்றல் அதிகம். அதற்கேற்ப, தவறாகக் கையாண்டால் தீப்பற்றும் தன்மையும் உண்டு. வீங்கிய பற்றரி, நீரில் விழுந்த பற்றரி இரண்டையும் மீண்டும் சார்ஜில் போடுவது ஆபத்து. சாவிக்கொத்தோடும் சில்லறையோடும் ஒரே பையில் போட்டால் உலோகம் முனைகளை இணைத்துவிடலாம். நீண்டநாள் வைக்க வேண்டுமானால் பாதி சார்ஜில், கமராவிலிருந்து கழற்றி வைக்க வேண்டும். முழுதாக நிரப்பியோ முற்றாக வற்றவிட்டோ வைத்தால் பற்றரி விரைவில் முதுமையடையும்.

வில்லையைச் சூரியனுக்கு நேரே திருப்பி வைப்பது உள்ளிருக்கும் உணரியைச் சுட்டுவிடும். பலர் மறந்துவிடுவது பின்பக்கத்தை. கண் வைத்துப் பார்க்கும் சிறு துளையிலும் உருப்பெருக்கும் வில்லை உண்டு. கமராவை வெயிலில் மேசைமேல் வைத்தால் அந்த வில்லை சூரிய ஒளியைக் குவித்து உட்திரையில் ஆறாத கரும்புள்ளி இடும். கலியாண மண்டபங்களில் சுழலும் லேசர் விளக்கும் உணரிக்குப் பகை, ஒரு வீச்சிலேயே திரையில் நிலையான கோடு விழலாம்.

இனி படம். வீட்டு வீடியோ கமராவின் உணரி மிகச் சிறியது. கால் அங்குல வகையின் முகம் 3.2க்கு 2.4 மில்லிமீற்றர், பழைய 35 மில்லிமீற்றர் புகைப்படச் சுருளில் ஒரு படத்தின் பரப்பில் நூறில் ஒரு பங்கும் இல்லை. நல்ல வெயிலில் ஒரு இலட்சம் லக்ஸ் ஒளி கிடைக்கும்போது இது குறையாகத் தெரியாது. ஒற்றைச் சன்னல், கரிபடிந்த சுவர், ஒரு பல்பு என்றிருக்கும், தொழிலாளர் வரிசைவீடான லயத்துக் காம்பராவில் ஒளி ஐம்பது லக்ஸ் அளவுக்கு இறங்கிவிடும். அப்போது கமரா மின்குறியைப் பலமடங்கு பெருக்குகிறது, பெருக்கத்தோடு இரைச்சலும் பெருகி படம் முழுவதும் மணல் தூவியதுபோல் ஆகிறது. இதற்கு மருந்து கமராவில் இல்லை, காம்பராவில்தான் உண்டு. கதவைத் திறந்து, ஆளை வாசலுக்கு அருகே வெளிச்சத்தைப் பார்த்து உட்காரவைத்து, கமரா வாசலுக்குத் தன் முதுகைக் காட்ட வேண்டும். வெள்ளை வேட்டியொன்றை எதிர்ச்சுவரில் விரித்தால் நிழல் பக்கத்துக்கும் கொஞ்சம் ஒளி திரும்பும். ஆளைச் சன்னலுக்கு முன்னே நிறுத்தினால் கமரா சன்னலின் ஒளியைக் கணக்கிட்டுக்கொண்டு முகத்தைக் கறுப்பாக்கிவிடும். பின்னொளி ஈடு செய்யும் பொத்தான் ஓரளவே உதவும்.

மனித மூளை வெள்ளையை எந்த விளக்கிலும் வெள்ளையாகவே உணர்ந்துகொள்கிறது. கமராவுக்கு அதைச் சொல்லிக்கொடுக்க வேண்டியிருக்கிறது. பழைய இழைப் பல்பின் ஒளி 2,800 கெல்வின் அளவில் செம்மஞ்சள், நண்பகல் வெயில் 5,500 கெல்வின் அளவில் வெள்ளை. றப்பர் மரங்களின் கீழே வேறொரு சிக்கல். இலைகளினூடே வடிகட்டிவரும் ஒளி பச்சை சாய்ந்தது, பால்வெட்டுக்காரரின் முகம் நோயாளியின் முகம்போல் பதிவாகும். படப்பிடிப்பு நடக்கும் அதே இடத்தில் வெள்ளைத்தாள் ஒன்றைத் திரை நிரம்பக் காட்டி வெண்மைச் சமநிலையைக் கையால் அமைத்தால் தோலின் நிறம் திரும்பிவரும். இலங்கையின் மின்சாரம் வினாடிக்கு 50 சுழற்சி கொண்டது என்பதால் பழைய ரியூப் லைட் வினாடிக்கு 100 தடவை மினுங்குகிறது. திறப்பு நேரத்தை 1/50 அல்லது 1/100 வினாடியாக வைத்தால் ஒவ்வொரு படத்துக்கும் முழு எண்ணிக்கையில் மினுக்கங்கள் கிடைத்து ஒளி சீராகும். அமெரிக்காவிலிருந்து உறவினர் அனுப்பிய கமரா 60 சுழற்சிக்கென அமைந்தது. அதன் 1/60 வினாடித் திறப்பில் படம் துடிக்கும். அதிலும் 1/100ஐத் தேர்ந்தால் துடிப்பு அடங்கும்.

தானியங்கிகளை எல்லாம் ஒரே இரவில் தோற்கடிக்கும் நிகழ்வு காமன் கூத்து. மாசி மாதத்தில் மலையகத் தோட்டங்களில் ஆடப்படும் இக்கூத்தின் உச்சம், ஈசன் நெற்றிக்கண்ணால் மன்மதன் எரிக்கப்படும் காட்சி. சுற்றிலும் இருட்டு, நடுவே தீ. இருட்டைப் பார்த்துக் கமரா தன் கண்ணை அகலத் திறக்கும், தீ வெள்ளைத் திட்டாகக் கரையும். தீ எழுந்ததும் சட்டென மூடும், ரதியின் முகம் மறையும். ஆகவே ஒளியளவைக் கையால் பூட்டிவிட வேண்டும். ரதி, மதன் ஒப்பனை முகங்கள் தீப்பந்த ஒளியில் தெளியும் அளவை முன்னரே கண்டு அங்கேயே நிறுத்திவிட்டால், தீயின் நடுப்பகுதி வெளுத்தாலும் கூத்து பதிவாகும். எரியும் கட்டத்தில் கமராக்காரர் கூட்டத்தோடு சேர்ந்து நெருங்காமல், காற்று வரும் பக்கத்தில் தள்ளி நின்று கமராவின் வில்லையால் அருகே இழுப்பதே பாதுகாப்பு.

அப்படி இழுக்கும் உருப்பெருக்கம் இருவகை. கண்ணாடிகள் நகர்ந்து செய்வது உண்மையானது. டிஜிட்டல் உருப்பெருக்கம் இருக்கும் படத்தைக் கத்தரித்து விரிப்பது மட்டும். அதை நிறுத்தியே வைக்கலாம். இருபது மடங்கு பெருக்கினால் கைநடுக்கமும் இருபது மடங்கு பெருகும் என்பதால் முக்காலி வேண்டும். முக்காலி இல்லாத இடத்தில் இஸ்தோப்புச் சுவரோ மரமோ தோளுக்குத் துணை. மலையை ஒரு பக்கத்திலிருந்து மறுபக்கம் வரை காட்டுவதானால், திரையின் ஓர் ஓரத்தில் தோன்றிய மரம் மறு ஓரத்துக்குப் போக ஏழு வினாடியாவது ஆகும்படி மெல்லத் திருப்ப வேண்டும். இறக்குவானை, பலாங்கொடைப் பக்கத்து மூடுபனியில் தானியங்கிக் குவியம் தடுமாறும். அது படத்திலுள்ள விளிம்புகளின் கூர்மையை வைத்தே தூரத்தை அறிகிறது, மூடுபனியில் விளிம்பே இல்லை. அருகிலுள்ள பெயர்ப்பலகை ஒன்றில் குவித்துப் பார்த்து ஏமாறாமல், தூரத்தை முடிவிலிக்குக் கையால் வைத்துவிடலாம்.

படம் ஓரளவு மங்கலாக இருந்தாலும் பார்ப்பார்கள், குரல் கேட்காவிட்டால் நிறுத்திவிடுவார்கள். கமராவில் உள்ள மைக் பேசுபவரிடமிருந்து நான்கு மீற்றர் தள்ளி இருக்கும். அரை மீற்றரில் வைத்த மைக்கோடு ஒப்பிட்டால் தூரம் எட்டு மடங்கு, திறந்தவெளியில் ஒலி 18 டெசிபெல் குறைந்துவிடும். தகரக் கூரையில் மழை இறங்கும்போது அந்தக் குரல் முழுவதுமாக அமிழ்ந்துபோகும். சட்டையில் குத்தும் சிறு மைக்கை வாங்கிச் செருகுவது செலவு குறைந்த வழி. கமராவில் துளை இல்லையென்றால் பேசுபவரின் சட்டைப்பையில் ஒலிப்பதிவு ஓடும் கைபேசியை வைத்துப் பின்னர் இணைக்கலாம். தப்பு மேளம் அடிக்கும் இடத்தில் சிக்கல் எதிர்ப்பக்கமாக வருகிறது. அடி விழும் கணத்தில் தானியங்கி ஒலிக்கட்டுப்பாடு எல்லாவற்றையும் அடக்கி, இடைவெளியில் சூழலின் இரைச்சலைத் தூக்குகிறது. தப்பின் தாளம் மூச்சிரைப்பதுபோல் பதிவாகிறது. ஒலியளவைக் கையால் குறைத்துப் பூட்டுவது அல்லது பத்து மீற்றர் பின்னே போவது, இரண்டில் ஒன்று செய்ய வேண்டும்.

கமராவின் பாதுகாப்பைவிடக் கமராக்காரரின் பாதுகாப்பு பெரிது. சிறுதிரைக்குள் கண்ணை வைத்தவருக்குக் கால் எங்கே போகிறதென்று தெரியாது. தேயிலை மலையில் ஆழமான கான்கள், இரத்தினபுரிப் பக்கத்தில் மாணிக்கம் தோண்டிக் கைவிட்ட குழிகள். புல் மூடிய, நீர் நிறைந்த அக்குழிகளைப் பின்னோக்கி நடப்பவர் காணவே மாட்டார். நடக்கும்போது படம்பிடிக்காமல், நின்று பிடித்துவிட்டு நடப்பதே விதி. கொழுந்து பறிப்போரைப் படம்பிடிக்க மலைக்குள் இறங்குமுன் குளவிக்கூடு எங்கே என்று அங்கே வேலை செய்வோரைக் கேட்க வேண்டும். நிழல்மரக் கிளையில் முக்காலியின் கால் இடித்தால் கொட்டு வாங்குவது கமராக்காரர் மட்டுமல்ல, நிரையில் நிற்கும் எல்லோரும்தான்.

வெள்ளத்தையும் மண்சரிவையும் படம்பிடிக்கப் போவது வேறு வகை ஆபத்து. 2016 மே 17 அன்று கேகாலை மாவட்டத்தில் அரநாயக்கவின் சாமசர மலை சரிந்தது. அதே மழையில் புளத்கொஹுபிட்டியப் பக்கத்துத் தோட்டத்திலும் லயங்களை மண் மூடியது. சரிந்த மலை அத்தோடு நின்றுவிடும் என்பதற்கு உறுதி கிடையாது. தரையில் புதிய வெடிப்பு, சாய்ந்த மரம், திடீரெனக் கலங்கிவரும் ஊற்று ஆகியவை தென்பட்டால் அங்கே கமராவைத் திறக்கவே கூடாது. தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் எச்சரிக்கை விடுத்த பிரதேசத்துக்குள் படத்துக்காகப் போவது மடமை.

மக்களைப் படம்பிடிக்க அவர்களின் சம்மதம் வேண்டும், பிள்ளைகளுக்குப் பெற்றோரின் சம்மதம். சடங்கு வீட்டில் எடுத்தது குடும்பத்துக்கு உரியது. கேட்காமல் இணையத்தில் ஏற்றுவது தவறு.

எடுத்ததைக் காப்பதில்தான் பலர் தோற்றுப்போகிறார்கள். நாடாவில் காந்தத் துகள்களைப் பிடித்துவைத்திருக்கும் பசை காற்றின் ஈரத்தை உறிஞ்சிச் சிதைகிறது, நாடா பிசுபிசுத்துப் பதிவுத் தலையை அடைக்கிறது. கசற்றின் சன்னல் வழியே வெண்பூஞ்சணம் தெரிந்தால் அதை ஓடவிடக் கூடாது. ஒரு பூஞ்சணக் கசற் இயந்திரத்தில் வித்தைப் பரப்பி அடுத்துப் போடும் எல்லாக் கசற்றுகளையும் கெடுக்கும். நல்ல கசற்றுகளை நிமிர்த்தி, உறையோடு, சிலிக்கா ஜெல் பெட்டியில், ஒலிபெருக்கியின் காந்தத்துக்கு எட்டாத தூரத்தில் வைக்கலாம். இதுவும் தற்காலிக ஏற்பாடுதான். வீஎச்எஸ் கசற்றை ஓட்டும் வீட்டு இயந்திரத்தைக் கடைசிவரை தயாரித்துவந்த ஜப்பானின் ஃபுனாய் நிறுவனம் 2016 ஜூலையில் உற்பத்தியை நிறுத்திவிட்டது. மினிடிவி கமராவிலிருந்து தரம் குறையாமல் படத்தை எடுக்கத் தேவையான ஃபயர்வயர் இணைப்பு இன்றைய மடிக்கணினிகளில் வருவதில்லை. ஒருமணி நேர மினிடிவி கசற் ஏறக்குறைய 13 ஜிகாபைற் இடம் பிடிக்கும், நூறு கசற் உள்ள குடும்பத்துக்கும் இரண்டு டெராபைற் வன்வட்டு போதும். பிரதி இரண்டேனும் வேண்டும், ஒன்று லயத்தில் என்றால் மற்றது வேறு ஊரிலுள்ள உறவினர் வீட்டில். கசற் வைத்திருப்போர் இயங்கும் கமரா ஒன்று கையில் இருக்கும்போதே இதைச் செய்துமுடிக்க வேண்டும். நாடாவை ஓடவிடச் சப்ரகமுவவில் ஜனவரியும் பெப்ரவரியுமே ஏற்ற மாதங்கள்.